நிழலோர்: விதியில் வெயில், படத்தில் இருட்டு

அரச குடும்பம் ஒன்றைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவரும், யார் கண்ணிலும் படாத ஒரு கற்பனை இனத்தாரைப் பற்றிய ‘நிழலோர்’ என்னும் பலகை விளையாட்டைப் பங்குனிக் கடைசியில் கோயமுத்தூர்க் கடை ஒன்றிலிருந்து வரவழைத்தேன். காங்கேயத்தை அடுத்த எங்கள் அப்பாவின் சாளையில் (தோட்டத்து வீட்டில்) கோடை விடுமுறை முழுவதும் அதை ஆடினோம். ஆடி பிறந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடிக்கொண்டிருக்கிறோம். இதுவரை 11 ஆட்டங்கள் முடிந்திருக்கின்றன. முடியாமல் மூட்டை கட்டியவை மூன்று. 1,650 ரூபாய் கொடுத்து இதை வாங்கலாமா என்று உறவினர் பலர் கேட்டுவிட்டனர். அவர்களுக்குத் தொலைபேசியில் துண்டு துண்டாகச் சொன்னதைத்தான் இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். வாங்கலாம். ஆனால் இதன் விதிகளை வகுத்தவருக்கு நிழல் என்றால் என்னவென்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. கதையை எழுதியவருக்கும் படங்களை வரைந்தவருக்கும் அது தெரியவில்லை. ஒரே பெட்டிக்குள் இந்த இரண்டும் எப்படி இருக்க முடியும் என்பதே எனக்கு இன்றுவரை வியப்பாக இருக்கிறது.

முதலில் பெட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆடுகளம் அட்டையில் இல்லாமல் தடித்த பருத்தித் துணியில் அச்சிடப்பட்டிருக்கிறது. மடித்து வைத்தாலும் சுருக்கம் விழுவதில்லை, நிலக்கடலைத் தோல் உதிர்ந்தால் உதறிவிடலாம். அரசன், அரசி, இளவரசி, இளவரசன் என நான்கு மரக்காய்கள், நிழலோருக்கு ஆறு கறுப்புக் காய்கள், துரத்துபவர்களுக்குப் பத்துச் சிவப்புக் காய்கள், சிறுபொழுதுகளைக் காட்டும் ஒரு மரச்சக்கரம், கைக்கு அடக்கமான இரண்டு சிலேட்டுகள், சீட்டுக்கட்டு, 48 பக்கக் கையேடு, இவற்றோடு கனமான பித்தளைத் தாயக்கட்டை ஒரு சோடி. தாயக்கட்டையை உருட்டும்போது எழும் ஓசைக்காகவே என் அப்பா ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார் என்பதைப் பதிவு செய்ய வேண்டும். பொருளின் தரத்தில் எனக்குக் குறையே இல்லை.

களம் கரூரில் தொடங்கி மேற்கே போகிறது. நொய்யலை ஒட்டி எதிர்நீரோட்டமாகக் கொடுமணல், அங்கிருந்து பேரூர், பிறகு பாலக்காட்டுக் கணவாய். சேரர் காலத்தில் உள்நாட்டையும் மேற்குக் கடற்கரையையும் இணைத்த வணிகவழியை ஒட்டியே கட்டங்களை அமைத்திருக்கிறார்கள். கொடுமணல் கட்டத்தில் காயை நிறுத்தினால் ஒரு பச்சைக்கல் சீட்டு கிடைக்கும். அங்கே அகழாய்வில் பச்சைக்கல்லும் மணி செய்யும் பட்டறைகளும் வெளிப்பட்டதை அறிந்தவர்கள் சிரித்துக்கொள்ளலாம். தலைநகரில் கலகம் மூண்டு அரச குடும்பம் இந்த வழியாகத் தப்பிச் செல்கிறது. துரத்துபவர்கள் பின்னால் வருகிறார்கள். கணவாயைக் கடந்துவிட்டால் அரச குடும்பத்துக்கு வெற்றி. அரச குடும்பத்தை ஒருவர் நகர்த்துகிறார், நிழலோரை ஒருவரோ இருவரோ நகர்த்துகின்றனர், எஞ்சியவர்கள் துரத்துகின்றனர். நிழலோரின் காய்கள் பெரும்பாலும் களத்தில் இருப்பதில்லை. அவர்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள் என்பதை ஆடுபவர் சிலேட்டில் எழுதி மறைத்து வைத்துக்கொள்ள வேண்டும். அரச குடும்பத்தை ஆடுபவருக்குக்கூட அதைக் காட்டக் கூடாது. காக்கப்படுபவருக்கே காப்பவர் எங்கே என்று தெரியாத இந்த ஏற்பாடு முதல் ஆட்டத்தில் எரிச்சலூட்டியது. மூன்றாவது ஆட்டத்தில் அதுவே சுவையாகிவிட்டது.

விளையாட்டின் உயிர் சிறுபொழுதுச் சக்கரத்தில் இருக்கிறது. காலை, நண்பகல், எற்பாடு (பிற்பகல்), மாலை, யாமம் (நள்ளிரவு), வைகறை என்னும் ஆறும் அதில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் ஓர் இடம் நகரும். களத்தில் மரம், மண்டபம், தேர், குன்று என்று நிழல் தரும் பொருள்கள் ஆங்காங்கே உண்டு. காலையில் அவற்றின் நிழல் மேற்கே மூன்று கட்டம் நீளும். எற்பாட்டில் கிழக்கே மூன்று கட்டம் நீளும். நண்பகலில் அந்தப் பொருள் நிற்கும் கட்டத்துக்குள்ளேயே சுருங்கிவிடும். நிழல் விழுந்த கட்டங்களில் மட்டுமே நிழலோர் மறைந்து நகர முடியும். அந்தக் கட்டத்தில் நிற்கும் அரச குடும்பத்தாரை யாரும் தொட முடியாது. இந்த எளிய விதியிலிருந்து எத்தனை நுட்பங்கள் பிறக்கின்றன என்பது ஆடிப் பார்த்தால்தான் விளங்கும். பயணம் கிழக்கிலிருந்து மேற்காக நடப்பதால் காலை நிழல் பயணிக்கு முன்னால் விழுந்து வழிகாட்டுகிறது. எற்பாட்டு நிழலோ அவனுக்குப் பின்னால் விழுந்து வந்த வழிக்கே இழுக்கிறது. ஆகவே காலையில் துணிந்து போக வேண்டும், பிற்பகலில் இருக்கும் இடத்தைப் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டும். இதைக் கையேடு எங்கும் சொல்லவில்லை. நான்காவது ஆட்டத்தில், பிளஸ் ஒன் போகவிருக்கும் என் அண்ணன் மகன் தானாகவே கண்டுபிடித்தான். அதன்பிறகு அவனை யாராலும் எளிதில் வெல்ல முடியவில்லை.

இரவு விதி இதைவிட அழகு. பெட்டியைப் பிரித்த அன்று என் மகள், யாமம் வந்ததும் களம் முழுவதும் நிழலாகிவிடும், நிழலோர் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றுதான் நினைத்தாள். நானும் அப்படியே நினைத்தேன். கையேட்டைத் திறப்பதற்கு முன்பே அப்பா சொன்னார்: “ராத்திரியில ஏது கண்ணு நெழலு? வெளிச்சம் இருந்தாத்தான நெழலு விழுகும்?” விதியும் அதையேதான் சொல்கிறது. மாலை, யாமம், வைகறை ஆகிய மூன்று பொழுதுகளிலும் நிழலோர் சாதாரண மனிதர்கள். எதிரியின் கண்ணில் படுவார்கள், பிடிபடுவார்கள். யாராவது தீப்பந்தச் சீட்டை இறக்கினால் மட்டும் அந்தப் பந்தத்தைச் சுற்றியுள்ள பொருள்களுக்குப் பின்னால் ஒவ்வொரு கட்டம் நிழல் விழும். துரத்துபவர் இருட்டில் தேட வேண்டுமானால் பந்தம் ஏற்றியாக வேண்டும். ஏற்றினால் தேடப்படுபவனுக்கு அவரே நிழல் கொடுத்துவிடுவார். ஏற்றுவதா வேண்டாமா என்று என் அண்ணி ஒருமுறை சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அடுப்பில் பருப்பு அடிபிடிக்கும் வரை யோசித்தார். கணவாயை ஒட்டிய கட்டங்களில் ஆடிக்காற்றுச் சீட்டு ஒன்று உண்டு. அது இறங்கினால் எல்லாப் பந்தங்களும் அணைந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகுந்து வீசும் வீச்சை ஆடி மாதத்தில் பொள்ளாச்சிப் பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தச் சீட்டின் நியாயம் புரியும்.

சீட்டுகளில் தலைசிறந்தது ‘நிழலில்லா நாள்’. கட்டுக்கு ஒன்றே ஒன்று இருக்கிறது. நண்பகலில் மட்டுமே இறக்க முடியும். இறங்கிய சுற்றில் களத்தில் எங்கும் நிழல் இல்லை, நிழலோர் அனைவரும் தங்கள் காய்களை வெளியே எடுத்து வைத்துவிட வேண்டும். அரச குடும்பத்துக்கு அப்போது காவலே கிடையாது. இதைக் கற்பனை என்று ஒதுக்கிவிட முடியாது. கோயமுத்தூரும் காங்கேயமும் வட அகலாங்கு 11 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஆண்டுக்கு இரண்டு நாள்கள், ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் ஒருநாளும் ஆகஸ்ட் நான்காம் வாரத்தில் ஒருநாளும், சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இந்த ஏப்ரலில் மகளும் நானும் களத்து மேட்டில் தாயக்கட்டை ஒன்றைச் செங்குத்தாக நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். 12 மணிக்கு அதன் அடியில் நகக்கண் அளவு நிழல் மேற்குப் பக்கம் ஒட்டிக்கொண்டிருந்தது, 12.20 மணியை ஒட்டி அது அடியோடு மறைந்தது. ஒரு டம்ளர் மோரைக் குடித்து முடிப்பதற்குள் கிழக்குப் பக்கம் ஒரு கோடாக எட்டிப் பார்த்தது. பித்தளையைத் தொட்டால் கை பொறுக்கவில்லை. அன்று மாலை ஆட்டத்தில் அந்தச் சீட்டு என் கைக்கு வந்தபோது அதை இறக்க எனக்கு மனமே வரவில்லை. விதி வகுத்தவர் ஒன்றை மட்டும் விட்டுவிட்டார். இந்த இரண்டு நாள்களுக்கும் இடைப்பட்ட கோடை மாதங்களில் நம் நண்பகல் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே விழும். அதையும் சேர்த்திருந்தால் பருவத்துக்கு ஏற்ப ஆட்டம் மாறியிருக்கும். இது குறையாகாது, என் பேராசை.

இனி, பெட்டியின் மறுபக்கத்துக்கு வருகிறேன். கையேட்டின் முதல் இருபது பக்கங்கள் நிழலோரின் வரலாறு. மேற்குமலைக் குகைகளில் வாழ்ந்த அவர்களை அரசனின் முன்னோன் ஒருவன் ஊழியிலிருந்து காப்பாற்றினானாம். நன்றிக்கடனாக அந்த இனமே தன் பெயர்களை அவனிடம் ஒப்படைத்துவிட்டதாம். அன்றிலிருந்து நிழலோருக்குப் பெயர் கிடையாது. அரச குடும்பத்தார் முன்னிலையில் அவர்கள் பேசுவதில்லை. அவர்களின் இருப்பிடம் அரச குலத்தின் மூத்த வாரிசுக்கு மட்டுமே தெரியும். அவர்களுக்குப் பிறக்கும் குழந்தை ஏழாம் வயதில் அரசனின் நிழலுக்குள் விடப்படுகிறது. படங்களில் அவர்கள் தலையிலிருந்து கால்வரை கறுப்புப் போர்வை போர்த்து, முகம் தெரியாமல், கொடுக்குப் போன்ற கத்தியோடு நிற்கிறார்கள். பின்னணி முழுவதும் இருட்டு, மூடுபனி, உடைந்த கோபுரம். சித்திரை வெயிலில் கொடுமணல் பொட்டலில் இந்தக் கோலத்தில் நின்றால் அவர்கள் அரசனைக் காப்பது கிடக்கட்டும், அவர்களுக்கு நாம் நீர்மோர் கொண்டுபோக வேண்டியிருக்கும்.

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. தமிழில் நிழல் இருட்டோடு சேர்ந்த சொல்லாக இருந்ததில்லை. அது காப்போடு சேர்ந்த சொல். புறநானூற்றின் 35ஆம் பாட்டில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவனைப் பார்த்து, உன் வெண்கொற்றக் குடை வெயிலை மறைப்பதற்காகப் பிடித்ததா, இல்லை, வருந்திய குடிகளை மறைப்பதற்காகப் பிடித்தது என்கிறார். அந்தப் பாட்டைப் பாடித் தம் நிலத்தின் பழைய வரிப்பாக்கியைத் தள்ளுபடி செய்துகொண்டார் என்பது கொசுறுச் செய்தி. குடைநிழல், அடிநிழல், தாள்நிழல் என்று நாம் சொல்வதெல்லாம் ஒருவர் நம்பி ஒதுங்கும் இடத்தைத்தான். இவ்வளவும் எதற்கு, இந்த விளையாட்டின் களம் போகும் அதே வழியில், கோயமுத்தூருக்கு மேற்கே சுண்டக்காமுத்தூர்ப் பக்கம், பாறையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. இராசகேசரிப் பெருவழியைக் குறிக்கும் அந்தச் சோழர் காலக் கல்வெட்டு திருநிழல் என்றும் ஒருநிழல் என்றும் நிழலைச் சொல்லித்தான் அரசனை வாழ்த்துகிறது. வழிப்போக்கர் அனைவரும் காணும்படி பெருவழியில் பொறித்து வைத்த நிழல் அது. தங்கள் களத்தின் கடைசிக் கட்டங்களுக்குள்ளேயே இப்படிப்பட்ட ஒன்று இருக்க, எங்கோ பனி பெய்யும் நாட்டுக் கதைகளிலிருந்து கறுப்புப் போர்வையை இரவல் வாங்கியிருக்க வேண்டுமா?

கொங்கு நாட்டுக்காரர்களுக்கு இதைப் புத்தகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியதுகூட இல்லை. எங்கள் சாளையைச் சுற்றிக் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம். கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல்லும் இடையிடையே வெள்வேல மரங்களும். காலையில் மாடுகள் பரவலாக மேயும். உச்சிப்பொழுதில் அத்தனையும் ஒரே மரத்தடியில் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். நிழல் நகர நகர அவையும் நகரும். இந்த விளையாட்டின் விதியை வகுத்தவர் அப்படியொரு மரத்தடியில் ஒருநாளாவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஓவியரை அவர் உடன் அழைத்துப் போகாததுதான் பிழை.

பெயரற்ற இனம் என்ற கற்பனையைப் பற்றியும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அரசனுக்காக உயிரையே பணயம் வைத்த காவலர்கள் நம் வரலாற்றில் நிறையவே இருந்திருக்கிறார்கள். உற்ற வேளையில் உயிர் கொடுப்போம் என்று சூளுரைத்த வேளைக்காரப் படைகள் சோழரிடம் இருந்தன. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வலங்கை வேளைக்காரர் படைப்பிரிவுகள் பெயர் பெயராக வருகின்றன. பாண்டியர்களுக்குத் தென்னவன் ஆபத்துதவிகள். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் தமிழகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, அரசன் இறந்தால் அவன் சிதையிலேயே பாய்ந்து உயிர்விடும் நெருங்கிய துணைவர்களைக் குறித்து எழுதியிருக்கிறார். தன் தலையைத் தானே அரிந்துகொள்ளும் நவகண்டச் சிற்பங்கள் கொங்கு நாட்டுக் கோயில்கள் பலவற்றின் வாசலில் இன்றும் நிற்கின்றன. இவர்களை வீரராக்கியது ஒரு சொல், ஒரு சூளுரை, பிறப்பு இல்லை. கையேட்டின் நிழலோர் பிறக்கும்போதே அடிமை ஓலையோடு பிறக்கிறார்கள். ஏழு வயதுக் குழந்தையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை. அதைச் சோகமாகவாவது எழுதியிருக்கலாம். ‘உன்னதமான மரபு’ என்று எழுதியிருக்கிறார்கள். குலத்தொழிலின் பெயரால் யார் யாரை எதற்குள் அடைத்தோம் என்பது தெரிந்த ஊரில் இப்படி எழுதுவதற்குச் சற்றுத் தயக்கம் வந்திருக்க வேண்டும்.

அப்பாவுக்கு உறுத்தியது வேறு. மகள் கையேட்டை உரக்கப் படித்துக்கொண்டு வந்தபோது, பெயர் கிடையாது என்ற இடத்தில் அவளை நிறுத்தினார். “காவக் காத்தவனுக்குப் பேரில்லாமப் போகுமா சாமி? சாம்புவனுக்குப் பேரில்லையா, அவனையுஞ் சேத்துக் கும்புடறமல்லொ?” அண்ணன்மார் கதையை உடுக்கையடிப் பாட்டாகக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்தக் கதையின் நாயகர்களான அண்ணன் தம்பி பொன்னருக்கும் சங்கருக்கும் துணையாகக் கடைசிவரை நின்றவன் சாம்புவன். மாசி மாதம் வீரப்பூர்ப் படுகளத்துக்குப் போகிறவர்கள் அண்ணன்மாரோடு அவனையும் மறப்பதில்லை. ஊர் எல்லையில் நிற்கும் கருப்பராயனும் முனியப்பனும் அப்படித்தான்: பெரிய கண், பெரிய மீசை, கையில் அரிவாள், எட்டு ஊருக்குத் தெரியும் உயரம். நம் ஊர்க் காவல் ஒளிந்துகொண்டு காத்ததில்லை. மறைந்து காக்கும் இனம் என்ற கற்பனை கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அது ஆட்டத்துக்கு உயிர் கொடுக்கிறது. ஆனால் மறைவதற்கு ஒரு காரணம் வேண்டும். ஆட்டத்தின் விதியில் அந்தக் காரணம் இருக்கிறது: தாங்கள் தெரிந்தால் அரசன் இருக்கும் இடமும் தெரிந்துவிடும். கையேட்டுக் கதையில் அவர்கள் மறைந்திருப்பதற்கு மர்மமாக இருப்பது ஒன்றே காரணம்.

ஒரேயொரு இடத்தில் கதையும் விதியும் கைகோத்துக்கொள்கின்றன. ‘உட்பகை’ என்று ஒரு சீட்டு. ஆட்டத் தொடக்கத்தில் அது நிழலோரை ஆடுபவர் கைக்குப் போகலாம், போகாமலும் இருக்கலாம்; வேறு யாருக்கும் தெரியாது. போயிருந்தால் அவர் காக்கும் நிழலே கொல்லும் நிழல். அரசனோ அரசியோ தம் நிழலுக்குள் வந்து நிற்கும் வரை பொறுத்திருந்து சீட்டைத் திறப்பார். சீட்டின் அடியில் 881ஆம் குறளின் முதல் மூன்று சீர்களை, ‘நிழல்நீரும் இன்னாத இன்னா’ என்பதை மட்டும் அச்சிட்டிருக்கிறார்கள். நிழலும் நீருமே ஆனாலும் நோய் செய்தால் தீயவைதான் என்று தொடங்கி உறவினரின் உட்பகைக்குப் போகும் குறள். இந்த விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வரி கிடைக்காது. அதை விளக்காமல் விட்ட அடக்கத்தையும் பாராட்டுகிறேன். காவலே திரும்பிய கதையும் வரலாற்றில் உண்டு. 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இலங்கை மன்னன் விசயபாகு சோழர்மீது போருக்கு ஆயத்தமானபோது, அவனிடம் இருந்த வேளைக்காரப் படையினரே கிளர்ந்தெழுந்து அரண்மனைக்குத் தீ வைத்தனர் என்று இலங்கை வரலாற்று நூலான சூளவம்சம் கூறுகிறது. பின்னாளில் பொலன்னறுவையில் புத்தரின் பல் தங்கிய கோயிலைக் காக்கும் பொறுப்பை ஏற்றுத் தமிழில் கல்வெட்டு வெட்டி வைத்தவர்களும் வேளைக்காரர்களே. எங்கள் ஏழாவது ஆட்டத்தில் அண்ணி, கணவாய்க்கு இரண்டு கட்டம் முன்பு, ஒரு குன்றின் நிழலில் அப்பாவின் அரசனை அன்போடு வரவேற்று, இந்தச் சீட்டைத் திறந்தார். அப்பா அன்றிரவு அவர் வைத்த சந்தகையை இரண்டு முறை பார்த்துவிட்டுத்தான் உண்டார்.

கையேட்டின் மொழியைப் பற்றி இரண்டு வரி. ‘நிழலோர் தங்கள் கைகளை அழுக்காக்கிக்கொள்ளத் தயங்குவதில்லை’ என்றும், ‘அரசனின் பாதுகாப்பு அவர்களின் மேசையில் முதலிடத்தில் உள்ளது’ என்றும் எழுதுகிறவர் முதலில் எந்த மொழியில் யோசித்தார் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விதிகளைச் சொல்லும் பகுதி மட்டும் சுருக்கமாகவும் தெளிவாகவும் இருக்கிறது. வேறு ஒருவர் எழுதியிருக்க வேண்டும். இதைவிடப் பெரிய பிழை 31ஆம் பக்கப் படத்தில் உள்ளது. காலைப்பொழுது என்று தலைப்பிட்டு, சூரியனைக் கிழக்கே வரைந்து, மண்டபத்தின் நிழலையும் கிழக்கிலேயே விழ வைத்திருக்கிறார்கள். முதல் ஆட்டத்தில் படத்தைப் பார்த்து ஆடியதால் அரை மணி நேரம் குழம்பினோம். வாங்குபவர்கள் அந்தப் பக்கத்தின்மேல் ஒரு வெள்ளைத்தாளை ஒட்டிவிட்டு ஆடுவது நல்லது.

தாயம், அதாவது இரண்டு கட்டைகளிலும் சேர்த்து ஒரே புள்ளி, விழுந்தால்தான் அரச குடும்பம் கரூரை விட்டுக் கிளம்ப முடியும் என்ற விதியையும் நாங்கள் இரண்டாவது ஆட்டத்திலேயே நீக்கிவிட்டோம். கட்டைக்கு நான்கு முகம், புள்ளியற்ற முகத்திலிருந்து மூன்று புள்ளி வரை. இரண்டையும் உருட்டினால் வரக்கூடிய 16 விழுகைகளில் தாயமாக அமைவது இரண்டே இரண்டு. சராசரியாக எட்டு உருட்டல் காத்திருக்க வேண்டும். திண்ணையில் நாள் முழுவதும் தாயம் ஆடியவர்களுக்கு அது பொறுமையின் இன்பம். பொழுதுச் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும் ஆட்டத்தில் அது வெறும் தண்டனை. எங்கள் முதல் ஆட்டத்தில் அரசன் கரூரிலேயே இரண்டு பகலையும் இரண்டு இரவையும் கழித்தான். மூன்று பேர் ஆடினால் சப்பென்று இருக்கிறது, நால்வர் போதும், ஐவர் இருந்தால் இரண்டரை மணி நேரத்துக்குத் தயாராக உட்கார வேண்டும். பத்து வயதுக்குக் கீழுள்ள பிள்ளைகளுக்குச் சிலேட்டில் எழுதி மறைக்கும் வேலை பிடிபடாது, அல்லது நன்றாகவே பிடிபட்டு அழித்து எழுதக் கற்றுக்கொள்வார்கள்.

கடையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பெட்டி வந்து சேர்ந்தபோது ஒரு மூலை நசுங்கியிருந்தது. ஆறு நிழலோர் காய்களில் நான்குதான் இருந்தன. தொலைபேசியில் எடுத்த இளைஞர், “நிழலோர்னா கண்ணுக்குத் தெரிய மாட்டாங்களேங்க” என்று சொல்லிச் சிரித்தார். காசு கொடுத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை. படம் அனுப்பச் சொன்னார்கள், அனுப்பினேன். பெட்டியின் எடையைக் கேட்டார்கள், ஊரில் வெல்லம் நிறுக்கும் தராசில் வைத்து அதையும் சொன்னேன். இரண்டு காய்கள் கூரியரில் வந்து சேர 19 நாள்கள் ஆயின. அதற்குத் தனியாகப் பணம் கேட்கவில்லை என்பதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன்.

அந்த 19 நாள்களுக்குள் அப்பா இரண்டு புளியங்கொட்டைகளைக் கல்லில் தேய்த்து ஒரு பக்கம் வெள்ளையாக்கி வைத்திருந்தார். காய்கள் வந்த பிறகும் மகள் அந்த உறையைப் பிரிக்கவில்லை; கொட்டைகள் துணியில் வழுக்காமல் நிற்கின்றன என்பது அவள் சொல்லும் காரணம். ஒன்றின் வெள்ளைப் பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் ‘சாம்புவன்’ என்று எழுதியிருக்கிறாள். மற்றொன்றுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவளுக்கும் அண்ணன் மகனுக்கும் மூன்று வாரமாக வழக்கு நடக்கிறது.